பேட்டன் ரூஜில் ஓர் அரசியல் நடைச்சுற்றுலா: பாபி ஜிண்டாலும் நிறம் மாறிய மாநிலமும்

லூசியானா மாநிலத்தின் தலைநகரான பேட்டன் ரூஜில், அம்மாநிலத்தின் அரசியல் வரலாற்றை மட்டுமே பொருளாகக் கொண்ட நடைச்சுற்றுலா ஒன்றில் சென்ற அக்டோபரில் கலந்துகொண்டேன். மூன்றரை மணி நேரம் நீளும் அந்தச் சுற்றுலாவுக்குக் கட்டணம் ஒருவருக்கு 45 டாலர். எங்கள் குழுவில் ஒன்பது பேர் இருந்தோம். மாநிலச் சட்டமன்ற மாளிகையில் தொடங்கி, முன்னாள் ஆளுநர் ஹியூயி லாங்கின் கல்லறை, பழைய படைக்குடியிருப்பு, பழைய ஆளுநர் மாளிகை ஆகியவற்றைக் கடந்து, மிசிசிப்பி ஆற்றங்கரை மேட்டில் நிற்கும் பழைய சட்டமன்ற மாளிகையில் நடை முடிகிறது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த ஒரு மாநிலம் குடியரசுக் கட்சியின் கைக்கு எப்படிப் போனது என்பதே சுற்றுலாவின் பேசுபொருள். சுற்றுலாவை நடத்துபவரின் பெயரையும் அவருடைய சிறு நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வழியில் அவர் தம் சொந்த வாக்குகளைப் பற்றி எங்களிடம் மனம் திறந்து பேசினார்; அந்த நம்பிக்கையை ஒரு விமர்சனத்தில் பெயரோடு அச்சிடுவது முறையன்று என்று கருதுகிறேன்.

நான் போனதற்குக் காரணம் பாபி ஜிண்டால். 2007 அக்டோபரில் அவர் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று லூசியானாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அமெரிக்காவுக்கு நான் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஹூஸ்டனில் எங்களைப் போன்ற குடும்பங்களின் வீடுகளில் அன்று இரவு தொலைபேசி ஓயவில்லை. பஞ்சாபிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பேட்டன் ரூஜில் பிறந்த, பியூஷ் என்பதை இயற்பெயராகக் கொண்ட பிள்ளை, முப்பத்தாறு வயதில் ஒரு தென் மாநிலத்தின் ஆளுநராகிறார். இந்திய வம்சாவளியில் வந்த ஒருவர் அமெரிக்க மாநிலம் ஒன்றின் ஆளுநரானது அதுவே முதல் முறை. இங்கே ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சருக்குரிய அதிகாரம் கொண்டவர் என்பதை ஊரிலிருந்து படிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அந்த வெற்றியை ஒரு குடும்பத்தின், ஒரு சமூகத்தின் வெற்றியாக மட்டுமே அன்று பார்த்தேன். அவரைத் தேர்ந்தெடுத்த மாநிலம் எத்தகையது, அந்த வாக்காளர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விகள் எனக்குள் எழப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு விடை கிடைக்குமா என்று பார்க்கவே நான்கு மணி நேரத்துக்கும் மேலாக வண்டி ஓட்டிச் சென்றேன்.

விடை கிடைத்தது. ஆனால் ஜிண்டாலைப் பற்றிப் பேசிய இடத்தில் அது கிடைக்கவில்லை. முதல் ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்தது. இந்தச் சுற்றுலாவின் பலமும் குறையும் அதிலேயே இருக்கின்றன.

தொடக்க இடமே சிறந்த தேர்வு. 34 மாடிகள் கொண்ட, 450 அடி உயரமுள்ள சட்டமன்ற மாளிகை, அமெரிக்க மாநிலங்களின் சட்டமன்றக் கட்டடங்களில் மிக உயரமானது. 1932-இல் அது கட்டி முடிக்கப்பட்டது. வாசலுக்கு ஏறும் படிகளில் மாநிலங்களின் பெயர்கள், அவை ஒன்றியத்தில் சேர்ந்த வரிசையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கட்டியபோது நாட்டில் 48 மாநிலங்களே இருந்தன. பின்னர் வந்த அலாஸ்காவும் ஹவாயும் மேற்படியைப் பகிர்ந்துகொள்கின்றன. வழிகாட்டி எங்களை அந்தப் படிகளிலேயே உட்காரவைத்து, கட்டடத்தை எழுப்பிய ஹியூயி லாங்கின் கதையைச் சொன்னார். 1928 முதல் ஆளுநராகவும் பின்னர் தேசிய மேலவை உறுப்பினராகவும் இருந்த லாங், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல்கள் கொடுத்தார், சாலைகளும் பாலங்களும் கட்டினார், எதிர்த்தவர்களை நசுக்கினார். 1935 செப்டம்பர் 8 அன்று, தாம் கட்டிய இந்தக் கட்டடத்தின் தரைத்தளக் கூடத்திலேயே சுடப்பட்டு, இரண்டு நாள் கழித்து இறந்தார். சுடப்பட்ட கூடத்தில் எங்களை நிறுத்தியபோது வழிகாட்டி குரலைத் தாழ்த்தவும் இல்லை, நாடகமாக்கவும் இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற அளவு அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கிருந்து அவர் தொடங்கிய வாதம்தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. லூசியானாவில் ஜனநாயகக் கட்சி ஒரு நூற்றாண்டு ஆண்டது என்பது பெயரளவுக்கே உண்மை என்றார் அவர். உண்மையில் இருந்தவை லாங் அணியும் லாங் எதிர்ப்பு அணியும். இரண்டுமே ஜனநாயகக் கட்சிக்குள் இருந்தன. ஹியூயி இறந்த பிறகும் அவருடைய தம்பி ஏர்ல் லாங் ஆளுநராக வந்தார். மகன் ரஸ்ஸல் லாங் 1948 முதல் 1987 வரை தேசிய மேலவையில் இருந்தார். வாக்காளர்கள் ஒரு குடும்பத்துக்கோ, அதை வெறுத்தவர்களுக்கோ வாக்களித்தார்களே தவிர, கட்சிக்கு என்று வாக்களிக்கவில்லை. கட்சி என்பது எல்லாரும் கூடியிருந்த ஒரே கூரை. கூரை மீது பற்று இருந்ததாகப் பின்னாளில் நாம்தான் எண்ணிக்கொண்டோம். அதிபர் தேர்தல்களில் அந்தக் கூரை எவ்வளவு முன்பே ஒழுகத் தொடங்கிவிட்டது என்பதை அவர் ஆண்டுகளை அடுக்கிக் காட்டினார். 1948-இல் இனப்பிரிவினையைக் காக்கக் கட்சியிலிருந்து பிரிந்து நின்ற ஸ்ட்ரோம் தர்மண்டுக்கு, 1956-இல் குடியரசுக் கட்சியின் ஐசனோவருக்கு, 1964-இல் அதே கட்சியின் கோல்ட்வாட்டருக்கு, 1968-இல் தனித்து நின்ற ஜார்ஜ் வாலஸுக்கு, 1976-இல் மீண்டும் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டருக்கு, 1980-இல் குடியரசுக் கட்சியின் ரேகனுக்கு, 1992-இலும் 1996-இலும் ஜனநாயகக் கட்சியின் கிளிண்டனுக்கு, 2000 முதல் தொடர்ந்து குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு என்று இந்த மாநிலம் வாக்களித்திருக்கிறது. நேர்க்கோடாக நகர்ந்த மாநிலமாக இதை வரைவது பொய் என்பதற்கு இந்த வரிசை ஒன்றே போதும்.

லாங்கின் கல்லறைக்கு எதிரே உள்ள மரநிழலில் அவர் விளக்கிய மற்றொரு செய்தி, நான் படித்த எந்தச் செய்திக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவாகக் கிடைத்ததில்லை. 1975 முதல் லூசியானாவின் மாநிலத் தேர்தல்களில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்கிறார்கள். யாரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதல் இருவர் இரண்டாம் சுற்றில் மோதுகிறார்கள். அந்த இருவரும் ஒரே கட்சியினராகவும் இருக்கலாம். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் எட்வின் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த முறை இது. பிற மாநிலங்கள் பலவற்றில் ஒரு கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்க அந்தக் கட்சியில் பெயர் பதிந்திருக்க வேண்டும். இங்கே அந்தத் தேவை அற்றுப்போனது. ஆகவே தந்தையும் பாட்டனும் பதிந்த கட்சியிலேயே பெயரை விட்டுவிட்டு, குடியரசுக் கட்சிக்காரருக்கு வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போக முடிந்தது. கட்சி மாறியதாக ஒருவர் தமக்குத் தாமேகூட ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அந்த இடத்தில்தான் வழிகாட்டி தம்மைப் பற்றிச் சொன்னார். எழுபதைக் கடந்த வெள்ளையர் அவர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கு லூசியானாவில் பருத்தி விளையும் ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். பதினெட்டு வயதில் தந்தை அழைத்துப்போய் ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்துவைத்தாராம். 1980-க்குப் பிறகு அதிபர் தேர்தலில் அக்கட்சிக்கு ஒரே ஒரு முறைதான் வாக்களித்திருக்கிறார். பதிவை மாற்றவில்லை. ஏன் என்று குழுவில் ஒரு பெண்மணி கேட்டார். அதை மாற்ற நினைக்கும்போதெல்லாம் தந்தை அந்த அலுவலகத்தில் தமக்குப் பின்னால் நின்றது நினைவுக்கு வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த இடத்துக்கு நடக்கத் தொடங்கினார். மாநிலம் ஒன்றின் வாக்காளர் பதிவேட்டுக்கும் வாக்கு எண்ணிக்கைக்கும் இடையே இருந்த பெரிய இடைவெளியை எனக்கு விளக்கிய சொற்கள் அவைதான். கட்டணத்தின் முழு மதிப்பும் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

தலைவர்களுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. 1979-இல் டேவ் ட்ரீன் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்று, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சீரமைப்புக் காலத்துக்குப் பின் முதல் குடியரசுக் கட்சி ஆளுநரானார். முதற்சுற்றில் தோற்ற ஜனநாயகக் கட்சியினர் நால்வர் தம் கட்சி வேட்பாளரை விட்டுவிட்டு ட்ரீனை ஆதரித்தார்கள் என்பது அந்த வெற்றிக்குப் பெரும் காரணம். 1991 மார்ச்சில் ஆளுநராக இருந்த பட்டி ரோமர் பதவியில் இருந்தபடியே குடியரசுக் கட்சிக்கு மாறினார். அதே ஆண்டுத் தேர்தலில் இரண்டாம் சுற்றுக்கே அவரால் வர முடியவில்லை. இரண்டாம் சுற்றில் நின்றவர்கள் ஊழல் குற்றச்சாட்டுகளால் பெயர் கெட்ட எட்வின் எட்வர்ட்ஸும், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் முன்னாள் தலைவர் டேவிட் டியூக்கும். எட்வர்ட்ஸ் 61 விழுக்காடு பெற்று வென்றார். ஆனால் வெள்ளையர்களில் பெரும்பான்மையினர் டியூக்குக்கு வாக்களித்திருந்தார்கள். இந்த உண்மையை வழிகாட்டி ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிட்டார். நான் கடக்க மாட்டேன். கட்சிப் பற்று மாறியதைப் பற்றிய எந்தக் கதையிலும் மையமாக இருக்க வேண்டியது இனம். இந்தச் சுற்றுலாவில் அது ஓரத்தில் நிற்கிறது.

எடுத்துக்காட்டாக, 1995-இல் வேட்புமனுத் தாக்கலின்போது குடியரசுக் கட்சிக்கு மாறி ஆளுநரான மைக் ஃபாஸ்டரைப் பற்றிச் சொன்னபோது, அவருடைய பாட்டனாரும் ஆளுநராக இருந்தவர், ஜனநாயகக் கட்சிக்காரர் என்ற குடும்பச் செய்தியை வழிகாட்டி சுவையாகச் சொன்னார். அந்தப் பாட்டனார் மர்ஃபி ஃபாஸ்டர் ஆளுநராக இருந்தபோதுதான், 1898-இல், பாட்டன் வாக்களித்திருந்தால் பேரனும் வாக்களிக்கலாம் என்ற விதி மாநில அரசியலமைப்பில் எழுதப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. அடிமைகளாக இருந்தவர்களின் பேரன்களுக்கு அப்படி ஒரு பாட்டன் எப்படி இருந்திருக்க முடியும்? 1896-இல் 1,30,000-க்கும் மேலாக இருந்த கறுப்பின வாக்காளர்களின் பதிவு, 1904-இல் ஏறத்தாழ 1,300-ஆகச் சுருங்கியது. ஜனநாயகக் கட்சியின் அசைக்க முடியாத கோட்டை என்று நாம் சொல்லும் அந்த ஆண்டுகள், மாநிலத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஆண்டுகள். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பின் அவர்கள் உள்ளே வந்து பெருவாரியாக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார்கள். பழைய வாக்காளர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மாநிலம் மாறியது என்பதைவிட, கட்சி யாருடையது என்பது மாறியது என்று சொல்வதே பொருந்தும். 1953 ஜூனில் இதே பேட்டன் ரூஜ் நகரில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு, அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் நடந்த புகழ்பெற்ற புறக்கணிப்புக்கு இரண்டு ஆண்டுகள் முற்பட்டது. நடந்துசெல்லும் தொலைவிலேயே அந்த வரலாறு இருந்தும், சுற்றுலாவில் அதற்கு ஒரு நிறுத்தம்கூட இல்லை. நடத்துபவர் இந்த ஒரு குறையை மட்டுமாவது சரிசெய்ய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அவரிடமும் அதைச் சொன்னேன், பொறுமையோடு கேட்டுக்கொண்டார்.

பழைய படைக்குடியிருப்பிலும், 1930-இல் லாங் கட்டிய ஆளுநர் மாளிகையிலும் செலவான நேரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு அவை பிடிக்கும்.

ஜிண்டாலின் கதை பழைய சட்டமன்ற மாளிகையின் உள்ளே சொல்லப்படுகிறது. கோட்டையைப் போன்ற கோபுரங்களும், வண்ணக் கண்ணாடிக் குவிமாடமும், இரும்புச் சுருள் படிக்கட்டும் கொண்ட அந்தக் கட்டடம் இப்போது மாநிலத்தின் அரசியல் வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது. குவிமாடத்தின் அடியில் நின்றபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை; சுற்றுலாவை விட்டுத் தனியாகவும் அங்கே ஒரு காலைப் பொழுதைக் கழிக்கலாம். வழிகாட்டியின் கதையில் ஜிண்டால் ஒரு திருப்புமுனை. அவர் வந்தார், அரசுப் பொறுப்பில் இருப்பவர்களுக்கான ஒழுக்க விதிகளைத் திருத்தினார், மாநிலம் குடியரசுக் கட்சியின் நிறமான சிவப்புக்கு மாறியது என்று கதை அமைகிறது. என் கருத்து வேறுபாடு இங்கேதான்.

அந்த எழுச்சியின் வேகம் வியப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. பிரௌன் பல்கலைக்கழகத்திலும், ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்துவிட்டு வந்த அவரை, 1996-இல் ஆளுநர் ஃபாஸ்டர் மாநிலத்தின் மருத்துவத் துறைச் செயலராக்கியபோது அவருக்கு வயது 24. பற்றாக்குறையில் தத்தளித்த ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தின் கணக்கை அவர் நேராக்கினார். பின்னர் மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஓர் அமைப்புக்குத் தலைவர், அதன் பின் அதிபர் புஷ்ஷின் நிர்வாகத்தில் உயர் பதவி. 2003-இல் ஆளுநர் தேர்தலில் நின்று முதற்சுற்றில் 33 விழுக்காட்டோடு முதலிடம் பிடித்தார். இரண்டாம் சுற்றில் ஜனநாயகக் கட்சியின் கேத்லீன் பிளாங்கோ 52-க்கு 48 என்ற கணக்கில் அவரைத் தோற்கடித்தார்.

அந்தத் தோல்வியை வழிகாட்டி இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். எனக்கோ, ஜிண்டாலின் வாழ்க்கையில் லூசியானாவைப் பற்றி மிக அதிகமாகக் கற்பிக்கும் நாள் அதுதான். அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்த வடக்கு லூசியானாவின் கிராமப்புறப் பாரிஷ்கள் பலவற்றில் அவர் பின்தங்கினார். மாவட்டத்தை இங்கே பாரிஷ் என்கிறார்கள். அவருடைய நிறமே காரணம் என்று அன்று பலர் சொன்னார்கள். மருத்துவத் துறையில் அவர் செய்த செலவுக் குறைப்புகளைச் சுட்டிக்காட்டி, ஒரு மருத்துவரே பேசுவதுபோல் கடைசி வாரங்களில் ஒளிபரப்பான விளம்பரமே காரணம் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை உண்டு என்றே நினைக்கிறேன். எது எப்படியாயினும், கட்சி என்ற அடையாளம் மட்டுமே அந்த வாக்காளர்களை அவர் பக்கம் கொண்டுவரப் போதவில்லை என்பது தெளிவு.

அதற்குப் பின் அவர் செய்த வேலையை நான் மதிக்கிறேன். 2004-இல் நியூ ஆர்லியன்ஸ் புறநகர்த் தொகுதியிலிருந்து 78 விழுக்காட்டோடு தேசிய நாடாளுமன்றத்துக்குப் போனார். ஆனால் வாரந்தோறும் தோற்ற இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போய், சிறிய ஊர்களின் தேவாலயங்களில் தம் கத்தோலிக்க நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். 2005 ஆகஸ்ட்டில் கத்ரீனா புயல் வந்தது. அரசு செயலற்றுப்போனதன் பழி பிளாங்கோ மீது விழுந்தது. அவர் மறுபடி நிற்கவில்லை. நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிதறிப்போன கறுப்பின வாக்காளர்களில் பலர் திரும்பி வரவில்லை. 2007 அக்டோபர் 20 அன்று ஜிண்டால் முதற்சுற்றிலேயே 54 விழுக்காடு பெற்று, 64 பாரிஷ்களில் 60-இல் முன்னணி வகித்தார். இரண்டாம் இடம் வந்த வால்டர் பொவாஸோ அதே ஆண்டில்தான் குடியரசுக் கட்சியிலிருந்து ஜனநாயகக் கட்சிக்கு மாறியவர். அதே ஆண்டில் மாநிலப் பொருளாளர் ஜான் கென்னடி எதிர்த்திசையில் மாறினார். இன்று அவர் குடியரசுக் கட்சியின் தேசிய மேலவை உறுப்பினர். ஒரே ஆண்டில் இரு திசைகளிலும் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல், ஒரு தலைவர் வந்தார், மாநிலம் மாறியது என்று சொல்வது வரலாற்றை மிகவும் எளிமையாக்கிவிடுகிறது. ஜிண்டால் ஏறிய படிகளை ட்ரீனும் ரோமரும் ஃபாஸ்டரும், அவர்களுக்கு முன் பெயர் தெரியாத எத்தனையோ வாக்காளர்களும் கட்டி வைத்திருந்தார்கள். சட்டமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியிடம் வந்தது அவருடைய ஆட்சியில் என்பது உண்மை. ஆனால் 2010 இறுதியிலும் 2011 தொடக்கத்திலும் அதைப் பெரும்பாலும் நிகழ்த்தியவர்கள் பதவியில் இருந்தபடியே கட்சி மாறிய உறுப்பினர்கள்.

அவர் ஆட்சியின் பின்பாதியைச் சுற்றுலா முற்றிலும் தவிர்த்துவிடுகிறது. 2011-இல் ஏறத்தாழ 66 விழுக்காட்டோடு மறுதேர்வு பெற்றவர், பின்னர் தேசிய அரங்கை நோக்கிப் பேசத் தொடங்கினார். வரியை உயர்த்துவதில்லை என்ற உறுதிமொழியைக் காக்க, உயர்கல்விக்கான மாநில நிதி கடுமையாகக் குறைக்கப்பட்டது. லாங் காலத்தில் விரிவடைந்த அரசு அறமருத்துவமனைகளில் பெரும்பாலானவை தனியார் நிர்வாகத்துக்குப் போயின. ஏழைகளுக்கான மருத்துவ உதவியை விரிவாக்கக் கிடைத்த கூட்டரசு நிதியை அவர் ஏற்க மறுத்தார். லாங்கின் கல்லறையிலிருந்து புறப்பட்டு வரும் ஒரு சுற்றுலா, லாங் கட்டியவற்றை ஜிண்டால் எந்த எண்ணத்தோடு கலைத்தார் என்று கேட்காமல் முடிவது பெரிய வாய்ப்பை நழுவவிடுவதாகும். அவர் கொள்கையில் உறுதியானவர், அரசு சிறியதாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நம்பியவர் என்று சொல்லலாம். அந்த நம்பிக்கைக்கு மாநிலம் கொடுத்த விலையையும் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் பக்குவம் சுற்றுலாவுக்கு வருபவர்களுக்கு உண்டு.

2015-இல் அதிபர் பதவிக்கு நின்று, நவம்பர் 17 அன்று விலகினார். நான்கு நாள் கழித்து அவருக்குப் பின் ஆளுநரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் வாக்களித்தபோது, 56 விழுக்காடு பெற்று வென்றவர் ஜனநாயகக் கட்சியின் ஜான் பெல் எட்வர்ட்ஸ். கருக்கலைப்பை எதிர்ப்பவர், துப்பாக்கி உரிமையை ஆதரிப்பவர், ராணுவக் கல்லூரியில் பயின்றவர் அவர். அவரிடம் தோற்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் டேவிட் விட்டரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த துணை ஆளுநரே எட்வர்ட்ஸை ஆதரித்தார். 2019-இல் அதிபர் டிரம்ப் மூன்று முறை நேரில் வந்து பிரசாரம் செய்தும் எட்வர்ட்ஸ் 51 விழுக்காட்டோடு மீண்டும் வென்றார். 2023-இல் குடியரசுக் கட்சியின் ஜெஃப் லாண்ட்ரி முதற்சுற்றிலேயே வென்றார். சிவப்பு மாநிலம் என்று பெயர் வாங்கிய பிறகும் எட்டு ஆண்டுகள் ஆளுநர் மாளிகையில் ஜனநாயகக் கட்சிக்காரர் இருந்தார் என்பதை அருங்காட்சியகத்தில் வைத்துச் சொல்லியிருந்தால், சட்டமன்ற மாளிகையில் வழிகாட்டி தொடங்கிய வாதம் நிறைவடைந்திருக்கும். கட்சியைவிட ஆளைப் பார்க்கும் லூசியானாவின் பழைய வழக்கம் ஜிண்டாலைத் தூக்கியது. அவர் மீது வந்த சலிப்பு அடுத்தவரை அழைத்துவந்தது. முன்பாதியில் இவ்வளவு நுட்பமாகப் பேசிய ஒருவர், பின்பாதியில் ஏன் எளிய கதைக்குத் திரும்பினார் என்று எனக்குப் புரியவில்லை. தம் காலத்தில் நடந்ததைச் சொல்வது, தாம் பிறப்பதற்கு முன் நடந்ததைச் சொல்வதைவிடக் கடினம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜிண்டாலைப் பற்றிய பகுதியில் என்னைத் தனிப்பட்ட முறையில் தொட்டது ஒன்று உண்டு. வம்சாவளியைச் சேர்த்துச் சொல்லும் பெயர்களே வேண்டாம், எல்லாரும் அமெரிக்கர்கள் என்பது ஜிண்டால் அதிபர் பதவிக்கு நின்றபோது வலியுறுத்திய கருத்து. எங்கள் வீடுகளில் அது பலரைக் காயப்படுத்தியது, என்னையும்தான். அந்த நடையில் அதைப் பற்றி எங்கள் குழுவில் இருந்த கறுப்பின முதியவர் ஒருவரிடம் பேச நேர்ந்தது. அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இந்த மாநிலத்தில் அவர் வென்றிருக்க முடியுமா என்று மட்டும் அவர் கேட்டார். அதற்கு என்னிடம் இன்னும் விடையில்லை.

செல்ல விரும்புவோருக்குச் சில செய்திகள். நடக்கும் தொலைவு அதிகமில்லை, ஆனால் நிற்கும் நேரம் நீளமானது. மூட்டுவலி உள்ளவர்கள் மடக்கு நாற்காலி கேட்டால் தருகிறார்கள். கோடையில் போகாதீர்கள். சட்டமன்ற மாளிகையின் 27-ஆம் மாடியில் உள்ள காட்சிமாடத்துக்குச் சுற்றுலா போவதில்லை. கட்டணமில்லாத அந்த இடத்துக்கு முன்கூட்டியே வந்து ஏறிப் பாருங்கள், ஆறும் ஆலைகளும் நகரமும் ஒரே பார்வையில் விரியும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் சலித்துப்போவார்கள். தேர்தல் முடிவுகளைப் பாரிஷ்வாரியாகக் காட்டும் வரைபடம் ஒன்றை வழிகாட்டி கையில் வைத்திருக்கிறார், கேட்டால்தான் காட்டுகிறார். அதில் 2003, 2007, 2015 ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதை அச்சிட்டு எல்லாருக்கும் கொடுத்தால், ஜிண்டாலைப் பற்றிய பகுதியில் நான் சொன்ன குறைகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

மீண்டும் போகப்போகிறேன். 2024 ஜனவரியில் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 முதல் தேசிய நாடாளுமன்றத் தேர்தல் உள்ளிட்ட சில தேர்தல்களில் லூசியானா கட்சிவாரியான முதற்கட்டத் தேர்தலுக்குத் திரும்புகிறது. ஒரு கட்சியில் பதிந்தவர் மற்றக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியாது. விடைபெறும்போது வழிகாட்டியிடம் அதைப் பற்றிக் கேட்டேன். பதிவை மாற்றும் படிவத்தை எடுத்து நிரப்பி வைத்திருப்பதாகவும், கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை என்றும் சொன்னார்.